பேசியது பேசியபடி

ஆண்கள் பேசும் அசிங்கத்தைத் துவைத்து, காயப்போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. அரசாங்கம் இதற்கு வைத்த பெயர் சுருக்கெழுத்தர். சபை நடுவில், அவைத்தலைவரின் உயரமான நாற்காலிக்குக் கீழே ஒரு நீள மேஜை இருக்கிறது. அதில் பத்து நிமிஷத்துக்கு ஒருத்தி என்று முறை போட்டு உட்காருவோம். முறை முடிந்தவள் எழுந்து மாடியறைக்கு ஓடித் தன் பத்து நிமிஷத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்குள் கீழே அடுத்தவளின் பென்சில் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாருடைய துண்டுகளையும் வரிசையாக அடுக்கினால் அன்றைய சபைக் குறிப்பு. மறுநாள் அது அச்சாகி ஒவ்வொரு உறுப்பினர் மேஜைக்கும் பத்திரிகைகளுக்கும் போகும். சபைக்குள் கேமரா கிடையாது, ஒலிப்பதிவு கிடையாது. அவை இரண்டும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதில் மட்டும் எல்லாக் கட்சிகளுக்கும் அப்படி ஒரு ஒற்றுமை. ஆக, நாங்கள் எழுதினால்தான் அது பேச்சு.

துவைப்பது என்பது நாங்கள் எங்களுக்குள் வைத்துக்கொண்ட சொல். மாண்புமிகு ஒருவர் எழுந்து எதிரே இருப்பவரின் அம்மாவை இழுத்துப் பேசுவார். மாடியறைக்கு வந்ததும் அது, "நண்பரின் குடும்பப் பின்னணியை நான் நன்கறிவேன்" என்று மாறிவிடும். அரைத்தூக்கத்தில் ஒருவர் உளறியது, "இது ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது" என்று நிமிர்ந்து உட்காரும். மறுநாள் அச்சில் படித்துவிட்டு, "நேத்து நல்லா பேசினேன் இல்ல?" என்று எங்களிடமே வந்து கேட்டவர்களும் உண்டு. "நல்லா பேசினீங்க சார்" என்று சொல்லிவிட்டு வருவோம். சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

எங்கள் விதிப் புத்தகத்தின் முதல் வரி என்ன தெரியுமா? "பேசியது பேசியபடி எழுதப்பட வேண்டும்." அந்த வரியை எங்கள் செக்ஷன் ஆபீசர் உட்பட ஒருவரும் மதித்ததில்லை. அவர் ஒவ்வொரு காகிதக் கட்டிலும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். நடுவில் இருப்பதைப் படித்தால் பஸ் போய்விடும்.

நாங்கள் நாலு பேர். மூத்தவள் பெரியக்கா, ரிடையர் ஆக ரொம்ப நாள் இல்லை, எதற்கும் "வேண்டாம்டி" என்று ஆரம்பிப்பவள். அடுத்தவள் ரேடியோ, தூக்கத்தில் மட்டும் வாயை மூடுவாள், அதுவும் உறுதியில்லை. மூன்றாவது நான். என்னைக் கத்தரி என்பார்கள், தயவு பார்க்காமல் வெட்டுவேன் என்பதால். கடைசிக்காரி கமா. மூச்சு விடும் இடத்தில் எல்லாம் ஒரு காற்புள்ளி வைக்கும் பழக்கம் அவளுக்கு.

கமாவின் இடது கையை அவள் புருஷன் உடைத்திருந்தான். வலது கையை விட்டுவைத்ததற்குக் காரணம் பாசம் இல்லை. அந்தக் கைதான் சம்பளம் கொண்டுவருகிறது. கட்டுப் பிரித்த கையோடு மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ஒற்றை அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தாள். மகளுக்கு எட்டு வயது. பள்ளி விடுமுறை என்றால் எங்கள் மாடியறைக்கு வந்து வீணான காகிதங்களின் பின்பக்கத்தில் குதிரை வரைவாள். குதிரைக்கு ஐந்து கால் போடுவாள், ஏன்டி என்றால் "ஓடறப்போ அப்படித்தான் தெரியும்" என்பாள். அவளை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருஷம் ஆளும் கட்சி குடும்பக் காப்பு மசோதா என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பெயரைக் கேட்டால் கும்பிடத் தோன்றும். உள்ளே இருந்தது இதுதான்: கணவனின் சம்மதம் இல்லாமல் வீட்டை விட்டுப் போன மனைவிக்குப் பிள்ளை மேல் உரிமை இல்லை. பிள்ளை அப்பா வீட்டுக்குத் திரும்ப வேண்டும். போனதற்கு என்ன காரணம் என்று அவளே நேரில் நின்று பேசி நீதிமன்றத்தைத் திருப்தி செய்தால் மட்டும் விலக்கு. ஏற்கெனவே வெளியே வந்தவர்களுக்கும் இது பொருந்தும். மசோதா எங்கள் மேஜைக்கு வந்த அன்று கமா அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

மசோதாவைத் தூக்கிப் பிடித்தவரை நாடே அண்ணன் என்று கூப்பிட்டது. பெண்கள் எல்லாரும் தனக்குத் தங்கைகள் என்று மேடைக்கு மேடை எழுதிவைத்ததைப் படிப்பார். எதிர்த்தவர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவர். சபையில் பெண்கள் சிலர் இருந்தாலும் வாய் திறக்கிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் கட்சி சொன்னால் கைதட்டுவார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு சின்னக் கட்சி. அதன் தலைவர் டாக்டர் நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர், எதையும் படித்துவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்பவர். அவருடைய ஆட்கள் கை தூக்கும் பக்கம்தான் மசோதா சாயும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. விவாத நாளில் அவர் வெளியூர் போக வேண்டியிருந்தது. "குறிப்பு வந்ததும் படிக்கிறேன். டீச்சர் சொல்ற நியாயம் சரியா இருந்தா எதிர்த்து ஓட்டு" என்று பத்திரிகையில் சொல்லியிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் கமாதான் பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கு நாம துவைக்காம விட்டா என்ன?"

"வேண்டாம்டி" என்றாள் பெரியக்கா, என்ன ஏது என்று கேட்காமலே.

"கேளுங்கக்கா. அவர் வாயிலேர்ந்து என்ன வருதுன்னு நமக்குத்தான் தெரியும். வெளிய இருக்கிற ஜனங்களுக்குத் தெரியாது. நாமதான் ஒவ்வொரு தடவையும் பன்னீர் தெளிச்சு அனுப்பறோம். ஒரே ஒரு நாள், அந்தாள் பேசினது பேசினபடியே அச்சுல வரட்டும். டாக்டர் படிக்கட்டும். ஊரே படிக்கட்டும்."

"சார் கிழிச்சுத் தொங்க விட்ருவார்" என்றாள் ரேடியோ. ஆனால் அவள் கண் மின்னியது.

"விதியைக் காட்டுவோம். மொத வரியே அதான?"

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் அந்த வாய்களைத் துவைத்துத் துவைத்து என் கை நாறிப்போயிருந்தது. என் தங்கையை மாப்பிள்ளை வீட்டார் பேசிய பேச்சு, பஸ்ஸில் பின்னால் நின்றவன் பேசிய பேச்சு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாள் கிடைத்த மாதிரி இருந்தது. யாருடைய முறை வந்தாலும், யார் பேசினாலும், ஒரு எழுத்து கூட்டக் கூடாது, ஒரு எழுத்து குறைக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். ஆள் பார்த்துச் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்று பெரியக்காதான் எச்சரித்தாள். அவளையும் இழுத்துவிட்டோம் என்பதில் எங்களுக்கு ஒரே பெருமை. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் வழக்கம்போல் துவைத்து வெளுத்திருக்க வேண்டும், சார் கண்ணுக்காக.

மறுநாள் அண்ணன் எழுந்தபோது சபை மேஜையைத் தட்டி வரவேற்றது. முறை என்னுடையது. அவர் கொஞ்சம்கூட ஏமாற்றவில்லை.

"ஒரு அறை விட்டா வீட்டை விட்டு ஓடறதா? எங்கம்மா வாங்காத அறையா? எங்கப்பா அடிப்பாரு, எங்கம்மா அழுதுட்டு எங்களுக்குச் சோறு போடுவா. அவ ஓடியிருந்தா நான் இன்னிக்கு இங்க நிக்க முடியுமா? இங்க சில பேருக்குக் கட்டினவன் இல்ல, அடிக்க ஆள் இல்லாத ஏக்கம், அதான் சபையில வந்து கத்தறாங்க."

அந்தக் கடைசி வரியில் டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் நான் மேலே போய், "இல்லறத்தில் சிறு பிணக்குகள் இயல்பே, என் அன்னையார் பொறுமையின் இலக்கணம்" என்று எழுதியிருப்பேன். அன்றைக்கு ஒரு சிரிப்பைக்கூட விடாமல் எழுதினேன். தட்டச்சு செய்துகொண்டே, செத்தடா நீ என்று சத்தமாகவே சொன்னேன்.

பிறகு டீச்சர் பேசினார், ஏறக்குறைய நாற்பது நிமிஷம். நாங்கள் நாலு பேரும் மாறி மாறி உட்கார்ந்தோம். என் முறையில் அவரைப் பேச விடவில்லை. அவர் ஒரு வார்த்தை எடுப்பதற்குள் ஆளும் வரிசையிலிருந்து பத்துப் பேர் எழுந்து கூவினார்கள். எங்கள் விதிப்படி மைக் இல்லாத வாய் வாயே இல்லை. அது என்ன பேசினாலும் எழுதக் கூடாது, குறுக்கீடு என்று ஒரு சொல் போட்டுவிட்டு மேலே போக வேண்டும். போட்டேன். மாடியில் உட்கார்ந்து அடிக்கும்போது என் விரல் தானாக எதையோ சேர்க்கப் போனது. இன்றைக்கு வேண்டாம், கொடுத்த வாக்கு வாக்குதான் என்று விரலை இழுத்துப் பிடித்தேன். நம் பங்குக்கு மோசமான பத்து நிமிஷம் வந்து மாட்டியது, மற்றவர்கள் துண்டில் முழுசாக வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற மூவரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள்.

சேர்த்துப் படிப்பது பெரியக்காவின் வேலை. அன்றைக்குப் படிக்கவில்லை. மேஜையில் விரித்து வைத்தால் சார் எட்டிப் பார்த்துவிடுவார் என்று அடுக்கி, நாடா கட்டி, நேராக அவர் முன்னால் வைத்தோம். அவர் முதல் பக்கம் பார்த்தார், கடைசிப் பக்கம் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், பஸ் பிடிக்கப் போனார். நாங்கள் நாலு பேரும் கீழே டீக்கடையில் நின்று ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். கமா சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது, அன்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

காலையில் அச்சான குறிப்பு வந்தது. அண்ணன் பேச்சு எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. முதல் போன் மாவட்ட நீதிமன்றத்திலிருந்து, அங்கே சுருக்கெழுத்தில் இருக்கும் ஒரு பெண். "அக்கா, கிழிச்சுட்டீங்க! நாங்களும் இனிமே அப்படித்தான். நீதிமன்றத்துல பொம்பளைங்களைப் பேசற பேச்சை நாங்க எத்தனை மறைச்சிருக்கோம்!" பிறகு நகராட்சியிலிருந்து, துறைமுக ஆபீசிலிருந்து, ஊர் பேர் தெரியாத இடங்களிலிருந்து எல்லாம் போன். எல்லாரும் எங்களைப் போலப் பென்சில் பிடிக்கிறவர்கள். ரேடியோ ஒவ்வொருவரிடமும் முழுக் கதையையும் சொன்னாள். நான் அவ்வளவு பெருமையோடு அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

மத்தியானத்துக்குள் பெருமை புளித்துவிட்டது.

சபை வாசலில் கூட்டம் கூடியிருந்தது. அண்ணனைத் திட்ட வந்த கூட்டம் என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தோம். "எங்கம்மா வாங்காத அறையா?" என்று பெரிய பெரிய எழுத்தில் அட்டை. பிடித்து நின்றவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெத்தவளைப் பத்தி இப்படி மனசு விட்டுச் சொல்ற பிள்ளை எங்க இருக்கு இந்தக் காலத்துல" என்று நிருபரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இதுவரை அவர் பேச்சை யாரும் ரசித்ததில்லை, ஏனென்றால் அவரை வாத்தியார் மாதிரி பேச வைத்திருந்தது நாங்கள். இப்போதுதான் அவருடைய சொந்த வாயை ஜனங்கள் கேட்கிறார்கள். அது அவர்கள் வீட்டில் கேட்ட வாயாகவே இருந்தது.

"டீச்சர் பக்கத்தைப் பாருங்க" என்றாள் கமா. அவள் குரல் சரியில்லை.

பார்த்தோம். இன்றைக்கும் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

"தலைவர் அவர்களே, அடி தாங்காமல் வெளியே வரும் ஒரு தாய்... (குறுக்கீடு) நான் முடித்துவிடுகிறேன்... (குறுக்கீடு) ஒரு தாயிடமிருந்து... (சிரிப்பு) இல்லை, நான் அதைச் சொல்லவில்லை... (குறுக்கீடு) எங்கே விட்டேன்... (குறுக்கீடு) பிள்ளையை... மன்னிக்கவும்... (சிரிப்பு) அப்படியானால் அவளை... தலைவர் அவர்களே, தயவு செய்து... (குறுக்கீடு)"

இப்படியே பக்கம் பக்கமாக. ஒரு வாக்கியம்கூட முடியவில்லை. அதற்குப் பக்கத்தில் அண்ணனின் பேச்சு ஆறாக ஓடிக்கொண்டிருந்தது, ஏனென்றால் அவர் பேசும்போது குறுக்கிட யாருக்கும் தைரியம் இல்லை.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. டீச்சர் சபைக்கு வந்த நாளிலிருந்து ஒரு வாக்கியத்தையும் முழுசாக முடித்ததில்லை. இங்கே ஒரு துண்டு, கூச்சலுக்கு அப்புறம் ஒரு துண்டு, இன்னொரு கூச்சலுக்கு அப்புறம் மிச்சம். நாங்கள்தான் மாடியில் உட்கார்ந்து அந்தத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, கூச்சலைத் தள்ளிவிட்டு, அவர் சொல்ல வந்ததை அவர் வார்த்தையிலேயே சொல்ல வைத்தோம். யாரும் யாரிடமும் பேசி வைத்துச் செய்ததில்லை. ஆண்களுக்குச் செய்ததற்குத் துவைப்பது என்று பெயர் வைத்து, சொல்லிச் சொல்லிக் கேலி செய்தோம். டீச்சருக்குச் செய்ததற்கு எங்களிடம் பெயரே இல்லை, அதனால் அதைச் செய்கிறோம் என்பதே ஞாபகம் இல்லை. அடி தாங்காமல் வெளியே வரும் ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்தால், அவளை அடி வாங்கவே திரும்பிப் போகச் சொல்கிறோம் என்று அர்த்தம். இதுதான் அவர் சொன்னது. சொல்லத்தான் செய்தார். நாலு பேர் துண்டில் சிதறிக் கிடந்தது.

சாயங்காலப் பத்திரிகை ஒன்று டீச்சரின் பக்கத்தைக் கட்டம் கட்டிப் போட்டது. மேலே, "பாடம் மறந்த டீச்சர்" என்று தலைப்பு.

டீச்சர் மாடியறைக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை. கையில் பழைய குறிப்புகள் சிலவும் புதியதும் இருந்தன. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"இதுல இருக்கிறது நான்தானா?" என்று புதியதைக் காட்டிக் கேட்டார்.

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம், ரேடியோகூட.

"அப்ப இதுல?" பழையதைக் காட்டினார். "இதை எல்லாம் வீட்ல பத்திரமா அடுக்கி வச்சிருக்கேன். கூச்சலுக்கு நடுவுலயும் எவ்வளவு தெளிவா பேசிட்டோம்னு ஒவ்வொரு தடவையும் நானே ஆச்சரியப்படுவேன். அந்த தைரியத்துலதான் மறுநாள் எழுந்து நிப்பேன். நான் எப்பவுமே இப்படித்தான் பேசறேனா?"

பெரியக்கா பொய் சொல்ல வாயெடுத்தாள். கமா முந்திக்கொண்டாள்.

"ஆமா டீச்சர். அவங்க விடறதில்ல. நாங்க சேர்த்து எழுதுவோம்."

"இந்தத் தடவை ஏன் சேர்க்கல?"

"அண்ணனை மாட்ட வைக்கணும்னு..." கமா நிறுத்தினாள். "எனக்காகத்தான் டீச்சர். என் பொண்ணுக்காக."

டீச்சர் அவளைக் கோபத்தோடு பார்த்திருந்தால் தேவலை. பரிதாபமாகப் பார்த்தார். பிறகு திருத்தம் கேட்க அவைத்தலைவரிடம் போனார். குறிப்பெடுக்க நானும் பின்னால் போனேன்.

"இந்த வார்த்தைகளை நீங்க பேசினீங்களா, இல்லையா?" என்றார் அவைத்தலைவர்.

"பேசினேன், ஆனா நடுவுல..."

"பேசினீங்க இல்ல? அப்புறம் என்னம்மா திருத்தம்? விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவர் டீச்சரை அதையும் முடிக்க விடவில்லை. நான் அதை எழுதிக்கொண்டேன், பேசியது பேசியபடி.

நடைபாதையில் டாக்டர் எதிரே வந்தார். டீச்சரைப் பார்த்ததும் மரியாதையாக நின்றார். "வார்த்தை விடாம படிச்சேன்மா. உண்மையைச் சொல்றேன், எனக்கு ஒண்ணும் பிடிபடல. உங்களுக்கே தெளிவு இல்லாத விஷயத்துல நான் எப்படி எதிர்த்து ஓட்டுப் போடறது? அண்ணன் பேச்சு கொச்சைதான், எனக்குப் பிடிக்கல. ஆனா அவர் என்ன சொல்றார்னாவது புரியுது."

"நீங்க அன்னிக்கு இங்க இருந்திருந்தா..." என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"இல்லையேம்மா" என்று வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார் அந்த நல்ல மனிதர். கத்துகிறவனைக்கூட ஒரு நாள் மன்னிப்பேன். இந்த மாதிரி மென்மையாகத் தலையாட்டிவிட்டுப் போகிறவர்களை என்னால் மன்னிக்கவே முடியாது. ஓட்டெடுப்பு அன்று அவரும் அவருடைய ஆட்களும் எந்தப் பக்கமும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மசோதா நிறைவேறியது.

அன்றே அண்ணன் எங்கள் அறைக்கு வந்தார், கையில் பூங்கொத்து, பின்னால் நாலைந்து பேர். செக்ஷன் ஆபீசர் இடுப்பு வளைந்து நின்றார். எங்களைத் திட்டித் தீர்க்க அவர் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"தங்கச்சிங்களா, யார் பண்ணின வேலை இது? என் பேச்சை என் வார்த்தையிலேயே இப்பதான் படிக்கிறேன். இத்தனை வருஷம் என்னை எதுக்கும்மா வாத்தியாரா ஆக்கி வச்சிருந்தீங்க?" என்று கலகலவென்று சிரித்தார். "அவைத்தலைவர்கிட்ட சொல்லிட்டேன். இனிமே எப்பவும் இப்படித்தான். உள்ளது உள்ளபடி. யாருக்கும் ஒட்டு வேலை கிடையாது. பேசத் தெரிஞ்சவன் பேசட்டும்."

பூங்கொத்தைப் பக்கத்தில் இருந்த கமா கையில் கொடுத்தார்.

"கல்யாணம் ஆயிடுச்சாம்மா? குழந்தை?"

"ஒரு பொண்ணு சார்."

"நல்லது. அப்பா கையைப் பிடிச்சு வளரட்டும்."

அவருக்குக் கமா கதை தெரியாது. தெரிந்து சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவர் போனதும் நான் அந்தப் பூவைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டு மிதித்தேன். மிதித்து என்ன ஆகப்போகிறது? கமா உட்கார்ந்து தன் பத்து நிமிஷத்தைத் தட்டச்சு செய்து முடித்தாள்.

சட்டம் அமலுக்கு வந்ததும் முதலில் போய் நின்றவர்களில் அவள் புருஷனும் ஒருவன். நாங்கள் மூவரும் லீவு போட்டுவிட்டு நீதிமன்றம் போனோம். காரணத்தை அவளே நேரில் சொல்ல வேண்டும், வக்கீல் பேசக் கூடாது. அதற்கு முந்தின ஒரு வாரமும் நாங்கள் அவளைப் பேச வைத்துப் பழக்கியிருந்தோம். எதிலிருந்து தொடங்க வேண்டும், கை உடைந்ததை எப்போது சொல்ல வேண்டும், எந்த இடத்தில் அழக் கூடாது, எல்லாம். எங்கள் அறையில் அவள் தங்குதடையில்லாமல் பேசினாள். பெரியக்காவே அழுதுவிட்டாள்.

கூண்டில் ஏறி, "ஐயா, என் கணவர் என் இடது கையை..." என்று தொடங்கினாள்.

"மாடிப்படியில விழுந்ததா ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கீங்களே?" என்று புருஷனின் வக்கீல் எழுந்தார். அவள் வக்கீல் பேசக் கூடாது, இவர் பேசலாம்.

"அது அவர் பக்கத்துல நின்னதால..."

"சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன். ஆனா..."

"சொன்னாங்க ஐயா."

"நான் முழுசா சொல்லிடறேன். அன்னிக்கு..."

"எத்தனை மணிக்கு வேலைக்குப் போவீங்க? குழந்தையை யார் பார்த்துப்பா?"

"நான் அதுக்கு வரேன், முதல்ல..."

நான் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்திருந்த சுருக்கெழுத்துப் பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயசு, நல்ல கை, ஒரு இடத்திலும் தயங்கவில்லை. ஒவ்வொரு துண்டும் அப்படியே இறங்கிக்கொண்டிருந்தது. சேர்த்து எழுதுடி, உன் காலில் விழுகிறேன், சேர்த்து எழுதுடி என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ரேடியோ என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு அப்புறம் நீதிபதி தட்டச்சான பக்கங்களைப் புரட்டினார். முகத்தில் வெறுப்பு ஒன்றும் இல்லை, வேலை செய்யும் முகம். "எதிர்மனுதாரர் தன் தரப்புக் காரணத்தைக் கோர்வையாக எடுத்துரைக்கவில்லை. குழந்தை இன்றே தந்தையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்" என்று படித்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே நடையில் பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு. கொஞ்சம் தள்ளி அவள் அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கமா அவர்கள் பக்கம் நடந்தபோது அந்தச் சுருக்கெழுத்துப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அக்கா, நீங்க அந்தச் சபை அக்காதான? அன்னிக்கு முதல்ல போன் பண்ணினது நான்தான். நீங்க காட்டின வழியைத்தான் இங்க நாங்க எல்லாரும் பிடிச்சுட்டிருக்கோம்" என்றாள். மூச்சு வாங்கியது. "தீர்ப்பு இப்படிப் போயிடுச்சுக்கா. ஆனா என்னால முடிஞ்சதைச் செஞ்சிருக்கேன். நீங்க பேசினதுல ஒரு எழுத்து மாத்தல. எல்லாம் அப்படியே இருக்கு."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.  கமா அந்தப் பெண்ணின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "நல்லா எழுதறம்மா" என்றாள்.

சொல்லிவிட்டுப் போய், மகளைப் பெஞ்சிலிருந்து எழுப்பி, பையை அவன் கையில் கொடுத்தாள்.